பள்ளம் தோண்டினால் ஏன் நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில், 'நாம் அனுப்பும் செய்தி செயற்கைக்கோளுக்குப் பறந்து, அப்படியே மறுமுனையில் இறங்குகிறது' என்று போட்டிருந்தீர்கள். என் பேத்தி அதைக் கத்தரித்து அறிவியல் நோட்டில் ஒட்டிவிட்டாள்.

மறுநாளே எங்கள் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியவர்கள் ஃபைபர் கேபிளை அறுத்துவிட்டார்கள். நெட் போனது, மாடியில் டிஷ் இருப்பதால் டிவி மட்டும் ஓடியது. "வானத்திலேர்ந்து வருதுன்னா, பள்ளம் தோண்டினா ஏன் ஆயா நிக்குது?" என்றாள். ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தோன்றியது உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

மலையிலும் நடுக்கடலிலும் செயற்கைக்கோள் இணைப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கண்டம் விட்டுக் கண்டம் போகும் செய்தியில் மிகப் பெரும்பகுதி கடலடிக் கேபிளில்தான் போகிறது. அவற்றில் சில நம் சென்னையிலேயே கரையேறுகின்றன. இது உங்களுக்குத் தெரியாததல்ல.

'அப்படியே இறங்குகிறது' என்பதும் தப்பு. செய்தியைச் சிறு பாக்கெட்டுகளாகப் பிரித்து, எண் போட்டு அனுப்புகிறார்கள். ஒன்று பெரும்பாலும் 1,500 பைட்டைத் தாண்டாது. 'வந்து சேர்ந்தது' என்று மறுமுனை பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுப்பிய கணினி அந்தப் பாக்கெட்டை மறுபடி அனுப்பும். இந்த ஒழுங்குக்குத்தான் டிசிபி என்று பெயர். விண்ட் செர்ஃப், பாப் கான் என்ற இரண்டு கணினி விஞ்ஞானிகள் 1974-இல் எழுதியது. 1983 ஜனவரி 1 அன்று, இணையத்துக்கு முன்னோடியான அமெரிக்க வலையமைப்பு அர்பாநெட் இதற்கு மாறியது. நான் வெளியூர் போன் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் 26 வருஷம் ஹெட்செட் மாட்டியவள். 'நாலு, ரெண்டு, ஏழு' என்று நான் சொன்னதை விழுப்புரத்து ஆபரேட்டர் அப்படியே திருப்பிச் சொன்னால்தான் அடுத்த வேலை. ஓர் எண் விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து சொல்வோம். இப்படி இரண்டு முனையும் ஒத்துக்கொண்ட பேச்சு ஒழுங்கைத்தான் புரோட்டோகால் என்கிறார்கள்; அது என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆபரேட்டர் இல்லாமல் நேரே வெளியூருக்கு டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்தபோது 'இனி ஆபரேட்டர் தொல்லை இல்லை' என்று தலைப்புப் போட்டீர்கள். நைட் டூட்டியில் படித்துவிட்டு யாரும் பேசவில்லை. 2011 தானே புயலில் கம்பங்கள் சாய்ந்து ஊரே பேச்சற்றுக் கிடந்தபோது, மழையில் தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்து கேபிள் ஒட்டியவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதினேன், போடவில்லை. இணையம் வேறு, 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்த வலை (வெப்) வேறு என்று போன வருஷம் இரண்டு பக்கம் எழுதினேன். நான்கு வரியாக வெட்டி, என் பெயரையும் தப்பாகப் போட்டீர்கள்.

அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். நோட்டில் அதற்குக் கீழே பேத்தி இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிரங்க் ஆபரேட்டர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.