பதினோரு பகுதியோடு நிறுத்தப்பட்ட தொடர்: ஈ.எஸ்.பி.என். நிகழ்ச்சிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

ஈ.எஸ்.பி.என். நிகழ்ச்சிப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்., உங்கள் விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனத்தில் 10 சதவீதப் பங்கு பெறப்போகிறது என்று 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. அதைப் படித்த உடனே எனக்கு ‘பிளேமேக்கர்ஸ்’ தொடர்தான் நினைவுக்கு வந்தது. அதைப் பார்த்தவர்கள் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

2003 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பரில் முடிந்த தொடர் அது. நீங்கள் தயாரித்த முதல் நாடகத் தொடரும் அதுவே. கூகர்ஸ் என்ற கற்பனை அமெரிக்கக் கால்பந்து அணியின் கதை. என்.எஃப்.எல். என்ற பெயர் அதில் வராது, ‘லீக்’ என்று மட்டும் சொல்வார்கள். 11 பகுதிகள் ஓடின. 2004 பிப்ரவரியில் இனிமேல் கிடையாது என்று அறிவித்தீர்கள்.

அந்தத் தொடரைப் பற்றிப் பார்வையாளர்கள் ஒரே குரலில் பேசவில்லை. ஒரே அணியில், ஒரே பருவத்தில், போதை, குடும்ப வன்முறை, ஊக்கமருந்து, மறைத்த காயம் என எல்லாவற்றையும் திணித்துவிட்டார்கள் என்று குறைப்பட்டவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. சில பகுதிகளில் ஒரு சிக்கல் மனதில் இறங்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். கறுப்பின வீரர்களைப் பற்றி ஏற்கெனவே புழங்கும் தப்பான பிம்பத்தை இது இன்னும் கெட்டிப்படுத்துகிறது என்ற விமர்சனம் அதைவிடக் கனமானது. அதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். எழுத்தாளர்கள் அடுத்த பருவத்தில் பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி அது. அந்த அடுத்த பருவம்தான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் அதே தொடரை நெஞ்சோடு ஒட்டிவைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம். ரஸ்ஸல் ஹார்ன்ஸ்பி நடித்த லியான் டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் காயத்திலிருந்து மீண்டு வருகிற மூத்த வீரர். திரும்பி வந்து பார்த்தால் அவருடைய இடத்தில் ஓமர் குடிங் நடித்த டி.எச். என்ற இளைஞன் நிற்கிறான். அந்த இளைஞனோ போதையின் பிடியில் இருக்கிறான். களத்தில் தோற்கிற பயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து, லியான் மனைவி மேல் கை நீட்டுகிறார். அவரை வில்லனாக்கி நம் வெறுப்பைச் சுலபமாக்கவும் இல்லை, அவர் செய்ததற்குச் சப்பைக்கட்டுக் கட்டவும் இல்லை. தன் மோதலால் எதிரணி வீரர் ஒருவர் உடல் முடங்கிப் போனதைச் சுமந்துகொண்டு அடுத்த ஆட்டத்துக்கு இறங்கும் எரிக் ஓல்சிக்கும் அப்படித்தான். கைதட்டல் வாங்கித் தந்த அதே அடி அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது. நேரடி ஒளிபரப்பில் அந்த மோதலை நான்கு கோணத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டலாம். அடித்தவனின் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்பதைக் கதை மட்டுமே காட்ட முடியும். அமெரிக்கத் திரைப்படக் கழகம் அந்த ஆண்டின் சிறந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது சும்மா இல்லை.

நிஜ லீக்கான என்.எஃப்.எல்.லுக்கு இது பிடிக்கவில்லை. அப்போதைய ஆணையர் பால் டாக்ளியாபூ உங்கள் தாய் நிறுவனமான டிஸ்னியின் தலைவர் வரைக்கும் புகாரைக் கொண்டுபோனார். பிலடெல்பியா ஈகிள்ஸ் உரிமையாளர் ஜெஃப்ரி லூரி, டிஸ்னியின் கார்ட்டூன் எலியான மின்னி மவுஸைப் போதைக் கடத்தல் தலைவியாகக் காட்டினால் டிஸ்னிக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். மின்னி மவுஸ் வெறும் வரையப்பட்ட உருவம். அதற்கு முழங்கால் கிழியாது, மூளை அதிராது. வீரர்கள் மனிதர்கள். மனிதர்களைப் பற்றிக் கதை எழுத யாருடைய அனுமதியும் தேவைப்படக் கூடாது.

அன்று நிகழ்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்த மார்க் ஷபீரோ காரணத்தை மறைக்கவில்லை. பங்காளியான லீக்கைப் பகைத்துக்கொள்வது எங்கள் தொழில் அல்ல என்ற பொருளில் வெளிப்படையாகவே சொன்னார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தில் பார்வையாளருக்கு இடமே இல்லை. ஆட்கள் பார்க்காததால் நின்ற தொடர் என்றால் நாங்கள் வருத்தப்பட்டுவிட்டுப் போயிருப்போம். இது அப்படி நிற்கவில்லை. 2005இல் என்.எஃப்.எல்.லின் திங்கள் இரவு ஆட்டங்களின் உரிமையை ஆண்டுக்கு 110 கோடி டாலருக்கு வாங்கினீர்கள். அவ்வளவு பெரிய உறவுக்கு முன்னால் 11 பகுதித் தொடர் சின்னதாகத் தெரிந்திருக்கும், புரிகிறது. ஆனால் அப்போது லீக் தரப்பில் கதை பொய் என்று சொல்லப்பட்டதே, அது என்ன ஆயிற்று?

ஓய்வுபெற்ற என்.எஃப்.எல். வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் கண்ட, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய பாதிப்பைப் பற்றி மருத்துவர் பென்னட் ஒமாலுவின் ஆய்வுக் கட்டுரை 2005இல் வெளிவந்தது. தலைக்காய வழக்குகளில் 76.5 கோடி டாலர் தர லீக் 2013இல் ஒப்புக்கொண்டது, பிறகு அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது. 2014இல் என்.எஃப்.எல். வீரர் ரே ரைஸ் தன் வருங்கால மனைவியை மின்தூக்கிக்குள் அடித்த காட்சியை நாடே பார்த்தது. ஓய்வுபெறாமல் ஆடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே தான் தன்பாலின ஈர்ப்புள்ளவர் என்று ஒரு என்.எஃப்.எல். வீரர், கார்ல் நாஸிப், முதன்முதலாக வாய்திறக்க 2021 ஆனது. அதை மறைத்து வாழும் ஒரு வீரரின் தவிப்பை ‘பிளேமேக்கர்ஸ்’ 2003லேயே கதையாக்கியிருந்தது. அந்தத் தொடருக்கு ஜோசியம் தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. உடைமாற்றும் அறைக்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்ததை அது வெளியே சொன்னது, அவ்வளவுதான்.

2013இல் தலைக்காயம் பற்றி அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். எடுத்த ஆவணப்படத்துடனான கூட்டிலிருந்தும் விலகினீர்கள். லீக்கின் அழுத்தம் காரணமல்ல, படத்தின் மேல் எங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை என்பதே காரணம் என்றீர்கள். அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அன்றைக்குச் சந்தேகம் ஏன் எழுந்தது என்று உங்களுக்கே தெரியும். 2004இன் முடிவை யாரும் மறந்திருக்கவில்லை.

பங்காளியாக இருந்தபோதே இப்படி. இனி அவர்கள் பங்குதாரர். அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். நாடகம், ஆவணப்படம், புலனாய்வுச் செய்தி மூன்றிலும் எதை எடுப்பது, எதை நிறுத்துவது என்ற முடிவில் லீக்குக்கும் அதன் பிரதிநிதிகளுக்கும் எந்தப் பங்கும் இருக்காது, ஒளிபரப்புக்கு முன் கதையும் படமும் அவர்கள் கைக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அதை எங்கள் கண்ணில் படும்படி வெளியிடுங்கள். தொழில்முறை வீரர்களின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு நாடகத் தொடரை மறுபடியும் எடுங்கள். இந்த முறை எழுத்து அறையில் முன்னாள் வீரர்களும் அவர்களுடைய மனைவிமாரும் உட்காரட்டும். அது நன்றாக இல்லையென்றால் பார்க்காமல் விட்டு நாங்களே நிறுத்திவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவர்