ரெக்கார்டு நோட்டு தின்னும் நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கல்லூரி மாணவர்கள் நேரத்தை எப்படித் திட்டமிடுவது என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விடியற்காலை எழுந்திரு, போனைத் தள்ளி வை, அட்டவணை போட்டுப் படி என்று அக்கறையோடுதான் எழுதியிருந்தார்கள். ஆனால் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரிக்குத் தினமும் வீட்டிலிருந்து போய்வருகிற மூன்றாம் ஆண்டு மாணவியாகச் சொல்கிறேன், அட்டவணை போடுவதற்கு முதலில் கையில் நேரம் இருக்க வேண்டும்.

எங்கள் ஊருக்குக் கல்லூரிப் பேருந்து காலை 6.50-க்கு வரும், ஊர் ஊராகச் சுற்றி 8.30-க்குக் கல்லூரியில் இறக்கிவிடும். மாலை வீடு வந்து சேர ஆறரை, பிளேஸ்மென்ட் பயிற்சி இருந்தால் ஏழரை. குளித்து, சாப்பிட்டு, அம்மாவுக்குக் கொஞ்சம் வீட்டு வேலையில் உதவிவிட்டு உட்காரும்போது மணி ஒன்பது ஆகிவிடும். சரி, அதற்குப் பிறகாவது படிக்கிறோமா என்றால் அதுவும் இல்லை, ரெக்கார்டு எழுதுகிறோம்.

லேபில் செய்த பயிற்சியை முதலில் அப்சர்வேஷன் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அப்புறம் அதே நோக்கம், அதே செய்முறை, அதே புரோகிராம், ஒரு எழுத்து மாறாமல் ரெக்கார்டு நோட்டில். நடுவில் ஒரு அடித்தல் இருந்தால் அந்தப் பக்கத்தையே திரும்ப எழுதச் சொல்வார்கள். ஒரு செமஸ்டருக்கு மூன்று லேப், லேபுக்குப் பத்துப் பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம் என்று வைத்தாலே 45 மணி நேரம் ஆகிறது, கணினியில் அடித்து ஓடவிட்ட புரோகிராமைக் கையால் பார்த்து எழுதுவதற்கு! எழுதாமல் விடவும் முடியாது. எங்களுக்குப் பொருந்தும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் 2021 என்ற விதிமுறைப்படி, செமஸ்டர் நடக்கும்போதே கல்லூரி போடும் இன்டர்னல் மதிப்பெண் தியரி பாடத்தில் நூற்றுக்கு 40, லேபில் 60. முன்பு போல 20 மதிப்பெண்தானே, கடைசியில் படித்துப் பிடித்துவிடலாம் என்று இருக்க வழியில்லை, செமஸ்டர் முழுக்க ஏதோ ஒன்றுக்குக் கெடு நெருங்கிக்கொண்டேதான் இருக்கும்.

பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்த எனக்கு முதல் செமஸ்டரில் கணக்கில் தேர்ச்சி பெறாமல் அரியர் விழுந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை கணக்கில் முதலில் வந்தவள், வீட்டில் சொல்லவே பத்து நாள் ஆனது. அதற்குப் பிறகு இரவு ஒரு மணி வரை கண்விழித்துப் பார்த்தேன், மறுநாள் வகுப்பில் தூங்கி விழுந்ததுதான் மிச்சம். கடைசியில் கைகொடுத்தது பேருந்துதான். நாங்கள் மூன்று பேர் பின் சீட்டில் உட்கார்ந்து பழைய பல்கலைக்கழக வினாத்தாளை வைத்துக்கொண்டு, முந்தின நாள் நடத்தியதை ஒருத்தி மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லித் தருவது என்று ஆரம்பித்தோம். சொல்லித்தரும்போதுதான் எது புரியவில்லை என்று தெரிகிறது. அடுத்த முறை அரியரை முடித்துவிட்டேன், பதினொன்றுக்கெல்லாம் தூங்கவும் பழகிவிட்டேன்.

ஆனால் எல்லாருக்கும் பக்கத்து சீட்டில் தோழி கிடைப்பதில்லை. விடுதியில் இருக்கும் என் வகுப்புத் தோழி ஒருத்தி, இரண்டு பாடம் போன பிறகு யாரிடமும் பேசாமல், சாப்பிடாமல் கிடந்தாள். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாது. பேருந்துக் கட்டண விவரமெல்லாம் ஒட்டியிருக்கும் அறிவிப்புப் பலகையில் இந்த ஐந்து இலக்க எண்ணுக்கு இடமில்லையா?

கல்லூரி நிர்வாகங்களும் பேராசிரியர்களும் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அப்சர்வேஷன் நோட்டையே ரெக்கார்டாக ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது அச்செடுத்து ஒட்ட விடுங்கள், புரிந்து செய்தோமா என்பதை வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் கேளுங்கள். இந்த செமஸ்டரிலேயே ஒரு லேபில் மட்டுமாவது செய்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவி,
நாமக்கல் மாவட்டம்.