கொசுவுக்குள் குடியிருக்கும் டெங்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கொங்கு மாவட்டங்களின் டெங்கு தடுப்புப் பணி குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தி, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைப் 'பறக்கும் ஊசி' என்கிறது; ஒருவரிடமிருந்து வைரஸை எடுத்து அடுத்தவருக்கு ஏற்றும் வெறும் கருவி போல. அது சரியல்ல. இந்த எண்ணம் இருப்பதால்தான் நம் ஊர்களில் புகை மருந்து அடித்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

நோயாளியின் ரத்தத்தோடு கொசுவின் குடலுக்குள் போகும் வைரஸ், அங்கே பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டச் சுமார் 8 முதல் 12 நாட்கள் ஆகின்றன. அதன் பிறகு சாகும்வரை அந்தக் கொசு வைரஸோடுதான் வாழும். நம்மைப் படுக்கையில் தள்ளும் வைரஸ் அதைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

காரணம் செல்லுக்குள் இருக்கிறது. கொசுவின் செல், டைசர்-2 என்ற நொதியால் வைரஸின் மரபுச் செய்தி எழுதப்பட்ட ஆர்என்ஏ இழையை 21 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்குகிறது. அந்தத் துண்டுகளை அடையாளம் வைத்து, புதிதாக உருவாகும் வைரஸ் இழைகளையும் தேடி வெட்டுகிறது. வைரஸின் சில பகுதிகளை டிஎன்ஏவாகப் படியெடுத்தும் வைத்துக்கொள்கிறது. இவ்வளவு செய்தும் வைரஸ் அடங்குகிறதே தவிர ஒழிவதில்லை. 1967இல் புனே வைரஸ் ஆய்வு மையத்தில் கே.ஆர்.பி. சிங், ஏடிஸ் வகையைச் சேர்ந்த ஆசியப் புலிக்கொசுவின் புழுக்களிலிருந்து செல்களை வளர்த்தெடுத்தார். அவற்றின் வழிவந்த சி6/36 செல்களில்தான் இன்றும் பல நாட்டு ஆய்வகங்கள் டெங்கு வைரஸை வளர்க்கின்றன. அந்தச் செல்களில் டைசர்-2 சரியாக வேலை செய்வதில்லை. அதனால் வைரஸ் அபரிமிதமாகப் பெருகுகிறது. புனேயில் தொடங்கிய இந்தச் செல்களின் கதை, நாம் பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

தாய்க்கொசுவிடமிருந்து முட்டைகளில் ஒரு சிறு பங்குக்கும் வைரஸ் போகக்கூடும். என் கவலையெல்லாம் இங்கேதான். திருப்பூர், அவிநாசிப் பக்கம் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. வீட்டுக்கு வீடு சிமெண்ட் தொட்டியும் டிரம்மும் வைத்துப் பிடித்துக்கொள்கிறோம். தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கறுப்புப் புள்ளிகளாக முட்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். காய்ந்து கிடந்தாலும் பல மாதம் தாங்கும். தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரிக்கும். புகை மருந்து பறக்கும் கொசுவுக்கு, அபேட் மருந்து புழுவுக்கு. முட்டையை அகற்றச் சுவரைத் தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

எனவே, தண்ணீர் வரும் நாளில் தொட்டியை முழுக்க வடித்து, தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்த்துவிட்டுப் பிடிக்கும்படி, வீடு வீடாக வரும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் சொல்ல வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்பே இது நடக்க வேண்டும். தாங்களும் அடுத்த முறை புகை இயந்திரத்தின் படத்துக்குப் பதிலாக, தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டைகளின் படத்தைப் பெரிதாக வெளியிடுங்கள். பலர் அதை வெறும் அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
அவிநாசி