சிறுவயலில் 1801 போரின் வரலாற்றுக் கல்வெட்டு அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சிறுவயல் சுற்றுவட்டாரப் பொதுமக்கள்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: மருதுபாண்டியர் போரின் காரணங்களையும் விளைவுகளையும் விளக்கும் கல்வெட்டு அமைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் காரைக்குடி, கானாடுகாத்தான் என்று சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருதுவின் இருப்பிடமாக இருந்த சிறுவயல் பக்கத்திலேயே இருப்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. நம் பிள்ளைகளும் தூக்குமேடையை மட்டுமே அறிந்திருக்கிறார்கள். போர் ஏன் மூண்டது என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

காரணம் ஒரே நாளில் வந்ததல்ல. ஆற்காட்டு நவாப் கடனில் மூழ்க, 1792 உடன்படிக்கையில் பாளையங்களின் (பாளையக்காரர்கள் ஆண்ட பகுதிகளின்) கப்பத்தை நேரடியாக வசூலிக்கும் உரிமை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. சிவகங்கைக்கு அதற்கு முன்பே ஆறாத காயம் உண்டு: 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கம்பெனிப் படையால் கொல்லப்பட்டார். 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சி மறுபடியும் வீழ்ந்தபின் சின்ன மருதுவிடம் வந்து சேர்ந்தார். அடைக்கலம் கொடுத்தால் படை வரும் என்று தெரிந்தேதான் கொடுத்தார்கள். இந்த மண்ணின் பெருமை அந்த முடிவில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

1801 ஜூன் 16ஆம் தேதி திருச்சிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. பிராமணர் முதல் முசல்மான்கள் வரை எல்லாரையும் விளித்து, ஐரோப்பியருக்கு எதிராக ஒன்றுசேரச் சொன்ன அறிக்கை அது. ஜூலைக் கடைசியில் கம்பெனியின் கர்னல் அக்னியூவின் படை வந்தபோது, எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று சிறுவயலுக்கு நம்மவர்களே தீ வைத்தார்கள். இங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி போட முயன்ற கம்பெனிப் படை, ஒரு மாதம் பாடுபட்டும் முடியாமல் பின்வாங்கியது. அப்புறம் பல திசைகளிலிருந்தும் தாக்கித்தான் அக்டோபர் 1ஆம் தேதி காளையார்கோவிலைப் பிடித்தார்கள்.

அக்டோபர் 24ஆம் தேதி நம் மாவட்டத்துத் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். கதை அங்கே முடியவில்லை. 1802இல் 73 பேர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் சின்ன மருதுவின் இளம் மகன் துரைச்சாமியும் ஒருவர். பாளையக் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன, 1803இல் ஜமீன் முறை நிலைபெற்றது. போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1801 ஜூலை 31ஆம் தேதி, ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதி முழுவதன் ஆட்சியும் உடன்படிக்கை மூலம் கம்பெனியிடம் போய்விட்டது.

ஆகவே, சிறுவயலில் இந்த விவரங்களோடு திருச்சி அறிக்கையின் தமிழ் வாசகத்தையும் பொறித்த கல்வெட்டு ஒன்றை அமைக்க வேண்டுகிறோம். நாடு கடத்தப்பட்டவர்களின் பெயர்களும் ஆவணங்களைச் சரிபார்த்து அதில் இடம்பெற வேண்டும். சுற்றுலாத் துறையின் செட்டிநாட்டு வரைபடத்தில் சிறுவயல், காளையார்கோவில், திருப்பத்தூர் மூன்றையும் ஒரே வழித்தடமாகக் காட்டவும் ஆவன செய்ய வேண்டும். வரும் அக்டோபர் 24ஆம் தேதிக்குள் பணியைத் தொடங்கினால், அஞ்சலி செலுத்த வரும் மக்களுக்குப் பெரிதும் உதவும். இடம் தேர்வு செய்ய அலுவலர்கள் வரும்போது ஊரார் உடனிருந்து ஒத்துழைப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிறுவயல் சுற்றுவட்டாரப் பொதுமக்கள்