2024–25 ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர், பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராத உறுப்பினர்களுக்குப் பதிலாக வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் குடியிருப்போர் நலச் சங்கம் செய்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். போதிய உறுப்பினர் இல்லாததால் கூட்டத்தை அரை மணி நேரம் தள்ளிவைத்து மறுபடி தொடங்கியிருக்கிறோம். இதையும் அறிக்கையில் சேர்க்கச் சொன்னார் தலைவர். சேர்த்தாகிவிட்டது.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். ஆடிப் பண்டிகைக்கு வழக்கம்போல் கூழ் ஊற்றினோம். பொங்கல் கோலப்போட்டி நடந்தது. மூன்றாவது குறுக்குத் தெருச் சாக்கடை அடைப்பு எடுக்கப்பட்டது, திரும்பவும் அடைத்துக்கொண்டது. தெருநாய்கள் பற்றி மனு கொடுத்தோம், நாய்கள் நலமாக இருக்கின்றன. இந்த ஆண்டு மறைந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி.

மீதி அறிக்கை மேல்நிலைத் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் இடத்தைப் பற்றியது. "செயலாளருக்கு வேறு வேலையே இல்லையா, எப்பப் பாரு பசங்க குடி, பசங்க குடின்னு" என்று செயற்குழுவிலேயே பேச்சு வந்தது. வாயால் பதில் சொன்னால் வளரும், எழுத்தில் இருக்கட்டும் என்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலரை நம் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாத அந்த இரண்டு நாளும் நம் தெருவில் எல்லோரும், அந்தச் சாராயத்தில் இருந்த மெத்தனால் என்ற விஷத்தில் நிபுணர்கள் ஆனோம். "நல்லவேளை, நம்ம ஏரியாவுல அதெல்லாம் இல்லை" என்று பேசிக்கொண்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொசு ஒழிப்புக்காகத் தொட்டியின் பின்புறம் சுத்தம் செய்யப் போனோம். பூங்காவுக்கென்று ஒதுக்கி, சீமைக்கருவேலம் மண்டிப்போன அதே இடம்தான். காலி குவார்ட்டர் பாட்டில்கள், பிளாஸ்டிக் டம்ளர்கள், தண்ணீர் பாக்கெட், கிழித்துப்போட்ட ஊறுகாய் பாக்கெட் எல்லாம் கிடந்தன. அவை எங்கும் கிடப்பவை. அவற்றோடு பள்ளி மாணவனின் இலவசப் பஸ் பாஸ் ஒன்றும் கிடந்தது. போட்டோ ஒட்டி, வகுப்பு பத்து என்று எழுதியிருந்தது.

பாஸை அன்றிரவே வீட்டுக்குப் போய், பையன் எதிரில் இல்லாமல், அவன் அப்பாவிடம் கொடுத்தேன். எங்கே கிடந்தது என்பதை மட்டும் சொன்னேன். "எங்க பையனைச் சந்தேகப்படறீங்களா செயலாளரே? விளையாடும்போது விழுந்திருக்கும்" என்றார். முள்காட்டுக்குள் என்ன விளையாட்டு என்று நான் கேட்கவில்லை. அந்த மாதத்திலிருந்து அந்த வீட்டுச் சந்தா வரவில்லை. பெயரை யாரும் கேட்க வேண்டாம். சந்தா வராத வீடுகள் இத்தனை இருக்கும்போது இது எந்த வீடு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, அந்த ஒரு வகையில் உங்கள் பாக்கி அந்தப் பையனைக் காப்பாற்றியிருக்கிறது.

அதன் பிறகுதான் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டோம். பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் ஆன செலவு பற்றி முணுமுணுப்பு உண்டு. அழைப்பு எல்லா வீட்டுக்கும் போனது, நாற்காலிகளை நிரப்பியவர்கள் பெண்கள். ஆண்களில் வந்தவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். பதின்வயதுப் பிள்ளைகளின் அப்பாக்கள் யாருக்காகக் கூட்டம் என்று தெரியாமல் இருந்துவிட்டார்களோ என்னவோ.

நம் மூத்த உறுப்பினர் வாத்தியார் ஐயா முதலில் பேசினார். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான் என்பதைச் சொல்லாமல் அவர் எந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்ததில்லை. 1971-இல் விலக்கு போனது, 1974-இல் திரும்ப வந்தது, 1981-இல் மறுபடி போனது, 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது என்று வரிசையாகச் சொல்லி முடித்தார். சட்டம் மாறினாலும் அண்ணன் தம்பிக்கு ஊற்றிக் கொடுப்பது மாறவில்லை என்று அவர் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது.

அடுத்துப் பேசிய மனநல மருத்துவர் கையோடு காலி குவார்ட்டர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நம் கூட்டத்தில் பாட்டில் ஒன்றை மேடையில் வைத்தது அதுவே முதல்முறை. லேபிளைப் படித்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். மருத்துவர்கள் 10 கிராமை ஓர் அளவு என்று வைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவு. ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஓர் அளவைத்தான் கழிக்கும். பசங்க அதைக் கூல்டிரிங்ஸில் கலந்து, வீட்டுக்குப் போகும் அவசரத்தில், பத்து நிமிஷத்தில் முடிக்கிறார்கள். "பீர்தானே" என்பவர்களுக்கும் பதில் வைத்திருந்தார்: 650 மில்லி ஸ்ட்ராங் பீர், எட்டு சதவீதம் என்றால் அது நாலு அளவு. நாற்பத்தைந்து கிலோ பையன் உடம்பில் இது எங்கே போய் நிற்கும் என்று கேட்டார். முன்வரிசையில் ஓர் அம்மா தன் பையனைத் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

மயங்கிக் கிடக்கும் பையனைத் "தூங்கினா தெளிஞ்சிடும்" என்று மல்லாக்கப் போட்டுவிட்டு நண்பர்கள் கலைந்துவிடுவதுதான் மிக ஆபத்து என்றார். வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூடவே இருந்து, எழுப்பியும் எழவில்லை, மூச்சு தாறுமாறாக இருக்கிறது என்றால் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். மோர், எலுமிச்சம்பழம், தலையில் தண்ணீர், எதுவும் ரத்தத்தில் ஏறியதை இறக்காது. அடித்துக் கேட்பார்கள் என்று பயந்துதான் பசங்க வீட்டுக்குச் சொல்வதில்லை. அதனால் "எதுவானாலும் எனக்கு போன் பண்ணு, திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள் என்றார்.

மூளையில் நிதானித்து முடிவெடுக்கும் பகுதி முழுசாக வளர ஏறக்குறைய 25 வயதாகும், ஆசைப்படும் பகுதி அதற்கு வெகு முன்பே தயாராகிவிடும் என்றும் விளக்கினார். பதினாலு, பதினைந்தில் தொடங்குகிறவன் பின்னால் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு, இருபதைத் தாண்டித் தொடங்குகிறவனைவிட அதிகம். ஞாபக சக்தி, படிப்பு, தூக்கம் எல்லாம் முதலில் அடிவாங்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனமே 2023-இல் சொல்லிவிட்டது.

கேள்வி நேரத்தில் ஓர் அம்மா, பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கிறதே, குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து, அதை வாங்கலாமா என்று கேட்டார். மருத்துவர் அதுவரை இல்லாத கடுமையோடு வேண்டாம் என்றார். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் உண்மையான மருந்தாகவே இருந்தாலும், அது தெரியாமல் குடிப்பவருக்கு ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனையின் போதை மறுவாழ்வுப் பிரிவுக்கு நேரில் கூட்டிவாருங்கள், அதற்கு முன் பேச வேண்டுமானால் போதை மீட்பு உதவி எண் 14446-ஐ அழையுங்கள் என்றார். எண் நம் அறிவிப்புப் பலகையில் இன்னும் இருக்கிறது. அதன்மேல் 'வீடு வாடகைக்கு' நோட்டீஸ் ஒட்டியவர் தயவுசெய்து கிழித்துவிடவும்.

சட்டம் பற்றிப் பேச வந்த வழக்கறிஞர் சொன்னதில் இரண்டை மட்டும் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது, இது பலருக்கும் தெரியும். 18 வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளைக்கு மதுவைக் கொடுப்பதே, அது யாராக இருந்தாலும், சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 77-ஆம் பிரிவில் குற்றம். ஏழு ஆண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம்வரை அபராதம். கிரகப்பிரவேசத்தன்று மொட்டை மாடியில் "ஒரு வாய் குடிடா மாப்ளே, ஆம்பளைதானே" என்று மச்சான் மகனுக்கு ஊற்றும் மாமாவுக்கும் சேர்த்துத்தான். இரண்டாவது, லைசென்ஸ் வயது வராத பையன் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு அல்லது வண்டிக்காரருக்கு மூன்று ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்து, பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. 2019-இல் வந்த திருத்தம் இது. நம் நான்காவது தெரு பிளஸ் ஒன் பையன் தீபாவளி சமயத்தில் பைபாஸில் மூன்று பேராக விழுந்து, தொடையில் பிளேட் வைத்து, இந்த ஆண்டுத் தேர்வே எழுதவில்லை. வண்டியை வாங்கிக் கொடுத்தவர் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அவரைக் குற்றம் சொல்லவில்லை, பதிவு செய்கிறேன்.

இப்போது என் மேல் இருக்கும் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். டாஸ்மாக் கடையை மூடச் சொல்லிப் போராடாமல் வாலிபால் நெட் வாங்கியது ஏன் என்று கேட்கிறார்கள். கடை மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. நம் பசங்க அங்கே போவதே இல்லை. காலையில் சரக்கு, திருட்டுத்தனமாக விற்கும் சந்துக்கடையில் கிடைக்கிறது, கூடுதலாக ஐம்பதோ அறுபதோ வைத்து. மாலையில் கிடைப்பது, வாங்கித் தரும் 'அண்ணன்' வழியாக. அவருக்குக் கமிஷன் ஒரு கட்டிங், அதாவது பாட்டிலில் ஒரு பங்கு. சந்துக்கடை பற்றிப் புகார் எண் 10581-க்குச் சொன்னோம், மனுவும் கொடுத்தோம், ரசீது கோப்பில் இருக்கிறது. நம்மால் ஆகக்கூடியது இடத்தை மாற்றுவது. அதைச் செய்தோம்.

ஜேசிபி வைத்து முள்ளை அடியோடு எடுத்தோம். மண் கொட்டி, கோடு போட்டு, இரண்டு ஃபோகஸ் லைட் போட்டோம். மாலை ஆறு முதல் எட்டரை வரை விளையாட்டு. மூங்கில் கம்பத்தில் கட்டிய நெட் முதல் வாரத்திலேயே அறுந்தது, இப்போது இரும்புக் கம்பம். "குடிக்கிறவங்க ஏரிக்கரைக்குப் போயிட்டாங்க, அவ்வளவுதானே நீங்க சாதிச்சது" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். சரி, ஏரிக்கரைக்குப் போனவர்கள் வளர்ந்தவர்கள், வண்டி வைத்திருப்பவர்கள். அவர்களைச் சுற்றி நின்று டம்ளர் எடுத்துக் கொடுத்து, சைட் டிஷ் வாங்கிவந்து, மிச்சத்தை ருசி பார்த்த எட்டாவது ஒன்பதாவது பசங்க ஏரிக்கரைக்குப் போகவில்லை, மைதானத்தில் நிற்கிறார்கள். நான் குறிவைத்தது அவர்களைத்தான். எல்லோரையும் திருத்திவிட்டேன் என்று எங்கும் சொன்னதில்லை. பஸ் பாஸ் பையனும் வருகிறான், சர்வீஸ் நன்றாகப் போடுகிறான். அவன் அப்பாவும் ஒருநாள் சுவரோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார், சந்தா பற்றிப் பேச்செடுக்கவில்லை.

கணக்கு விவரம்: வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. மைதானச் செலவில் நன்கொடை போக மீதி பொது நிதியிலிருந்து எடுக்கப்பட்டது, செயற்குழு ஒப்புதல் பிறகு பெறப்பட்டது. முழு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார், அவர் ஊரில் இருக்கும்போது. சந்தா நிலுவை பாதி வீடுகளுக்கு மேல். மாதம் 50 ரூபாய்தான், ஒரு குவார்ட்டர் விலையில் பாதிகூட வராது. இந்த ஒப்பீடு சிலருக்குப் பிடிக்காது, ஆனால் விலை தெரிந்தவர்களுக்கு உடனே புரியும் என்பதால் எழுதினேன்.

தலைவருக்கும், பந்தல் போட்டவருக்கும், மருத்துவருக்கும், வழக்கறிஞருக்கும், ஜேசிபிக்கு டீசல் காசு மட்டும் வாங்கிய உறுப்பினருக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் சுண்டல் செய்து கொடுத்த மகளிர் குழுவுக்கும் நன்றி. என் வீட்டாருக்கும் நன்றி என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மைதான விளக்குக்கு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. இப்போதிருக்கும் நிதியில் ஆடிவரை தாங்கும், அப்புறம் விளக்கு அணையும். விளக்கு அணைந்தால் மாலையில் பசங்களுக்கு வேலை இருக்காது என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். பண்டிகை ஊர்வலத்தில் இந்தமுறை பள்ளிப் பசங்க கையில் யாரும் பாட்டில் கொடுக்கக் கூடாது என்று விழாக்குழுவுக்குக் கடிதம் எழுதலாமா என்பதும் இன்று முடிவாக வேண்டும். கையெழுத்துப் போட எட்டுப் பேராவது வேண்டும். அதில் நான்கு பேர் அப்பாக்களாக இருந்தால் நல்லது.

செயலாளர் பதவிக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். யார் முன்வந்தாலும் கோப்புகள், முத்திரை, மைதானச் சாவி மூன்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் முன்வராவிட்டால் போன ஆண்டு மாதிரியே தொடர்வேன். சந்தா ரசீதுப் புத்தகம் என் வீட்டில்தான் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை மைதானத்திலும் பணம் கட்டலாம், ஜி-பே எண் அறிவிப்புப் பலகையில் உள்ளது, வாடகை நோட்டீஸுக்குக் கீழே.

இங்ஙனம்,
செயலாளர்