மிருதங்க வகுப்பறை சத்தத் தடுப்பு வேலை முடிந்தது: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

எல்லோருக்கும் வணக்கம். மிருதங்க வகுப்பறைக்கும் படிப்பறைக்கும் நடுவில் நடந்த வேலை போன வாரம் முடிந்தது. போன வருடம் சுவரில் ஒட்டிய ஃபோம் பலகைகளால் படிப்பறைப் பிள்ளைகளுக்கு ஒரு நிம்மதியும் கிடைக்கவில்லை. ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். பக்கத்து அறைக்குப் போகும் சத்தத்தை நிறுத்தாது.

அதனால் இந்த முறை எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு ராத்திரி வகுப்பறையில் விளக்கைப் போட்டு, படிப்பறையை இருட்டாக்கிப் பார்த்தோம், வெளிச்சம் கசியும் இடத்தில் சத்தமும் கசியும். கதவுக்கு அடியிலும் ஏசி பைப் ஓட்டையிலும் வெளிச்சம் கசிந்தது. சரி என்று ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றைக் கழற்றினால், நடுச்சுவர் சீலிங்கோடு நின்றுவிட்டிருக்கிறது, அதற்கு மேல் கான்கிரீட் தளம் வரை ஒன்றரை அடி வெறும் காலியிடம்! இத்தனை நாளும் சுவரைக் குறை சொன்னோம், சத்தமோ சுவருக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. 50 டெசிபல் தடுக்கக்கூடிய சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்து கிடந்தாலே மொத்தத் தடுப்பு சுமார் 20 டெசிபலுக்கு இறங்கிவிடும்.

கொத்தனார் சுவரைத் தளம் வரை உயர்த்தி இருபுறமும் பூசினார். உச்சியில் மிஞ்சிய சின்ன இடுக்கில் ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) திணித்து, சத்தம் கசியாமல் அடைக்கும், இறுகிப்போகாத அக்கூஸ்டிக் சீலன்ட் பசை அடித்தோம், சிமென்ட் மட்டும் வைத்தால் நாளாவட்டத்தில் விரிசல் விடும். சுவரின் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக இருந்து சத்தத்துக்கு வழிவிட்ட சுவிட்ச் பாக்ஸ்களில் ஒன்றை எலக்ட்ரீஷியன் தள்ளி வைத்து, பழைய குழியைப் பூசி அடைத்தார். கதவு நிலையைச் சுற்றி ரப்பர், அடியில் சீல்.

இப்போது சொற்கட்டு (வாயால் சொல்லும் தாளச் சொற்கள்) சொல்லும் குரல் படிப்பறையில் கேட்பதில்லை. மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியில் எழும் கும்கி நாதம் மட்டும் லேசாகக் கேட்கிறது. தாழ்ந்த ஒலியை நிறுத்தக் கனம் வேண்டும், அதோடு அது தரை வழியாகவும் போகிறது. ரப்பர் பாய்மேல் மரமேடை போட்டதில் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, முழுதாக இல்லை.

ஒதுக்கிய தொகைக்குள் வேலை முடிந்தது, பில்கள் அலுவலகத்தில் இருக்கின்றன, யாரும் வந்து பார்க்கலாம். ஒரே வேண்டுகோள்: கேபிளோ பைப்போ இழுக்க அந்தச் சுவரில் யாராவது துளை போட்டால் அன்றைக்கே குழுவுக்குச் சொல்லுங்கள், மீதமுள்ள இரண்டு டியூப் சீலன்ட் அதற்காகவே அலுவலக அலமாரியில் இருக்கிறது.