உன் பலகை இன்னும் காயவில்லை

கிருஷ்ணகிரி,
பங்குனி மாதம்.

அன்பு மகளுக்கு,

வரும் சனிக்கிழமைக்குள் அலைச்சறுக்குப் பலகையைக் கோவளத்துக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியாது. உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. இந்த நிலையில் மேலே ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) பூசினால் ஈரத்தை நாமே உள்ளே வைத்து மூடியதாகிவிடும். போனில் விளக்கத் தொடங்கினால் பாதியிலேயே "சரிப்பா" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

பலகை வந்ததும், வாலின் அடியில் ஃபின் என்னும் சிறு துடுப்பு பொருத்தியிருக்கும் இடத்து விரிசலிலிருந்து ஒரு சிட்டிகை ஃபோமைக் கிள்ளி அசிட்டோனில் போட்டுப் பார்த்தேன். கரைந்துவிட்டது. பாலியூரித்தேன் ஃபோமாக இருந்திருந்தால் கரைந்திருக்காது. ஆகவே உன்னுடையது தெர்மாகோல் பலகை, மேல்தோல் எபாக்சி என்னும் ரெசின் வகை. மீன்பிடி ஃபைபர் படகுகளைச் செப்பனிடும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் அடைத்துத் தருவதாகச் சொன்னார் என்றாயே, அவருடைய கைத்திறனை நான் குறை சொல்லவில்லை; ஆனால் படகுகளுக்குப் பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசினைத்தான் பயன்படுத்துவார்கள். ஓசூரில் தண்ணீர்த் தொட்டிகள் வார்த்த காலமெல்லாம் நானும் அதைத்தான் கலக்கினேன். அதிலுள்ள ஸ்டைரீன் என்னும் திரவம் தெர்மாகோலைக் கரைத்துவிடும். விரிசலை அடைக்கப் போய் உள்ளே பெரிய பொந்து விழுந்திருக்கும்.

தெர்மாகோல் என்பது சின்னஞ்சிறு மணிகளை நெருக்கி ஒட்டியது. மணிக்குள் தண்ணீர் எளிதில் புகாது; மணிகளுக்கு இடையே உள்ள சந்துகளில் புகுந்து நெடுந்தூரம் பரவிவிடும். விரிசல் வாலில் இருந்தாலும் நடுப்பலகை வரை நனைந்திருப்பதற்கு அதுவே காரணம். வெட்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்வதில் பயனில்லை.

நான் அனுப்பிய படத்தைப் பார்த்து, சிறு விரிசலை இவ்வளவு பெரிய ஓட்டையாக்கிவிட்டீர்களே என்று பதறினாய். உடைந்த கண்ணாடியிழைத் தோலையும், அதற்கடியில் நைந்துபோன ஃபோமையும் எடுத்துவிட்டு, தோல் உறுதியாக ஒட்டியிருக்கும் இடம் வரை வாயைத் திறந்திருக்கிறேன். திறக்காமல் தண்ணீர் வெளியேறாது. பிறகு அந்த வாயில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். காயவைக்கும் பொருளில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று உன் அம்மா சிரித்தாள். ஊற்றத்தான் வேண்டும், ஏனென்றால் உள்ளே போனது கடல்நீர். தண்ணீர் ஆவியானாலும் உப்பு தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் நம் சமையலறை உப்பு ஜாடி நீர்விடுவது போலத்தான் இதுவும். கடற்கரையில் பல இரவுகளில் காற்று அந்த அளவைத் தாண்டிவிடுவதால், பகலில் காய்ந்ததை இரவு திரும்ப நனைத்துவிடும். இங்கே பங்குனி மதியக் காற்று உதட்டை வெடிக்க வைக்கிறது. ஊரிலேயே வைத்துக் காயவைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

மொட்டை மாடி வெயிலில் போடச் சொன்னாய். அது கூடாது. உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து, தோலை ஃபோமிலிருந்து பிரித்துக் கொப்புளமாக எழுப்பிவிடும். அப்படிப் பிரிந்த தோலை மீண்டும் ஒட்டவைப்பது இந்த விரிசலை அடைப்பதைவிடப் பெரிய வேலை. தாழ்வாரத்து நிழலில், திறந்த வாய் கீழ்நோக்கி இருக்கும்படி, வாலைத் தரையிலிருந்து சற்று உயர்த்திச் சாய்த்து நிறுத்தியிருக்கிறேன். தண்ணீர் தன் எடையாலேயே இறங்கி வடிகிறது. மாலையில் மேசை விசிறியை அந்தப் பக்கமாகத் திருப்பி வைக்கிறேன். கால் வழுக்காமல் இருக்க நீ மேலே தேய்க்கும் அந்த மெழுகையும் முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டேன். மெழுகு இருக்கும் இடத்தில் ரெசின் பிடிக்காது.

காய்ந்ததா என்பதைக் கண்ணைவிடத் தராசு சரியாகச் சொல்லும். மாங்காய் சீசன் இன்னும் சூடு பிடிக்காததால் மண்டியில் எலக்ட்ரானிக் தராசு சும்மாதான் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் நிறுக்கிறேன். மண்டிக்காரர், கிலோ என்ன விலைக்குப் போகும் என்று கேட்கிறார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் கணக்கு எளிது. எடை இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இறங்குவது நின்று, சில நாள் ஒரே அளவில் நிற்கும்போதுதான் மூடுவேன். நாணயத்தால் தட்டிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரிகிறது: தலைப்பக்கம் கணீரென்று கேட்கிறது, வால் பக்கம் இன்னும் மந்தமாகவே ஒலிக்கிறது.

காய்ந்த பின் வேலை அதிகமில்லை. எபாக்சியில் மைக்ரோபலூன் என்னும் இலேசான வெள்ளைப் பொடியைக் கலந்து குழியை நிரப்ப வேண்டும். ஒரேயடியாகத் தடிமனாக ஊற்றினால் இறுகும் சூட்டில் தெர்மாகோல் உருகும் என்பதால் படிப்படியாகத்தான் நிரப்புவேன். சுற்றிலும் 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, சிறிய கண்ணாடியிழைத் துணி ஒன்றும் அதைவிட இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அகலமான துணி ஒன்றும் போட வேண்டும். தொட்டிக்குப் போடும் மேட் (நெய்யாத கண்ணாடியிழை விரிப்பு) இதற்கு உதவாது. அது ரெசினை அளவுக்கு மீறி உறிஞ்சி எடையைக் கூட்டும். சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மிகாத, நெய்த கண்ணாடியிழைத் துணி போதும். கடைசித் தேய்ப்பைத் தண்ணீர் தொட்டே செய்வேன். கண்ணாடித் தூள் மூச்சில் போகக் கூடாது.

துணி என்னிடம் இருக்கிறது, எபாக்சிதான் இல்லை. அடுத்த முறை வரும்போது சென்னையில் வாங்கி வா. ரெசினும், அதை இறுகவைக்கும் ஹார்டனரும் ஒரே நிறுவனத்தின் ஜோடியாக இருக்க வேண்டும். கலக்கும் விகிதம் லேபிளில் அச்சாகியிருக்க வேண்டும். எபாக்சியில் ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதே. கலவை சரியாக இறுகாமல் போய்விடும். வெயிலில் இறுகும் டியூப் பசையை வாங்குவதானால், தெர்மாகோல் பலகைக்கு ஏற்றது என்று அதன்மேல் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. ஃபினைக் கழற்றும் அறுகோணச் சாவியையும் எடுத்து வா. என்னிடம் உள்ள மில்லிமீட்டர் சாவிகளில் ஒன்று தளர்வாகச் சுற்றுகிறது, அடுத்தது நுழையவே மறுக்கிறது.

அன்புடன்,
அப்பா